சோலைமுத்துவின் ஆறு சக்கர வீடு

சோலைமுத்து மலைமேல் சொந்தமாக வீடு வாங்கிவிட்டார் என்று துபாய் சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் ஒரு பேச்சு கிளம்பி நாலு மாதம் ஆகிறது. கேம்ப் மெஸ்ஸில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது அது ஒற்றை அறையாகத்தான் இருந்தது. தட்டுக் கழுவும்போது ஏசி மாட்டிவிட்டார்கள். மறுநாள் சைட்டுக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் அதற்கு ஃபிரிட்ஜும் வெந்நீர்க் குழாயும் வந்து சேர்ந்தன. பஸ் சிக்னலில் நின்ற நேரத்தில் யாரோ அடியில் ஆறு சக்கரம் பூட்டினார்கள். வாரக் கடைசியில், பிள்ளையில்லாத வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் சோலைமுத்துவைத் தத்தெடுத்து அந்த வீட்டை எழுதிவைத்துவிட்டார் என்பதில் வந்து நின்றது. நாற்பத்தாறு வயது ஆளை எவர் தத்தெடுப்பார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் கதை அங்கேயே படுத்துவிடும்.

சந்தேகப் பேர்வழிகளும் உண்டு. அவர்கள் வீட்டை நம்பினார்கள், சக்கரத்தை நம்பினார்கள். சோலைமுத்து அதில் ஒரு திர்ஹம்கூடப் பார்க்கவில்லை என்பதை மட்டும் நம்ப மறுத்தார்கள்.

இந்த மாதிரிப் பேச்சுகளை உட்கார்ந்து விவாதிப்பதைவிடப் போய்ப் பார்த்துவிடுவது மலிவு. ஷார்ஜா ரோலாவில் பஸ் ஏறி, ஒட்டகங்களும் தக்காளிக் கடைகளும் கழிந்து, மலை இரண்டு பக்கமும் நெருங்கி வந்து பஸ்ஸின் கண்ணாடியை முகர்ந்து பார்க்கிற இடத்தில் இறங்கினால் வாதி சம்ரா. ஒரு பெட்ரோல் பம்ப், ஒரு பள்ளிவாசல், மலையாளி ஒருவரின் மளிகைக் கடை, அதற்கு எதிரில் டயர் கடை. பெட்ரோல் பம்ப்பைத் தாண்டி அரை கிலோமீட்டர் நடந்தால் கேரவன் பார்க். வீட்டை வண்டியாகவோ வண்டியை வீடாகவோ வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் இரவு தங்கிப் போகிற இடம். பதினாலு வண்டி நிறுத்தலாம்.

போய்ப் பார்த்ததில், பேச்சில் பாதி சரி. வீடு இருக்கிறது. சக்கரம் ஆறுதான், எண்ணியாயிற்று. ஏசி, ஃபிரிட்ஜ், வெந்நீர் எல்லாம் உண்டு. சாவி சோலைமுத்துவின் இடுப்பு அரைஞாணில் தொங்குகிறது. வீடு மட்டும் அவருடையது இல்லை. அவர் அதற்குள் ஒரு நாளும் படுத்ததில்லை. ஏசி ஓடாத வாட்ச்மேன் அறையில் படுத்துக்கொண்டு, யாரும் இல்லாத வீட்டுக்கு வாரம் இரண்டு தடவை ஏசி போட்டுக் கொண்டிருக்கிறார்.

சோலைமுத்து மானாமதுரைக்காரர். சோனாப்பூர் கேம்பில் இருந்துகொண்டு பதின்மூன்று வருஷம் கட்டட வேலையில் கம்பி கட்டினார். வலது தோள் மக்கர் பண்ண ஆரம்பித்ததும், ஊருக்கு அனுப்புவதா வேண்டாமா என்று கம்பெனி யோசித்து, தங்களிடமே இருந்த இந்தப் பார்க்குக்கு வாட்ச்மேனாக மாற்றிவிட்டது. இங்கே டியூட்டி லேசானது. வருகிற வண்டிக்குக் கரண்ட் ப்ளக் கொடுக்க வேண்டும், தண்ணீர்க் குழாய் மாட்ட வேண்டும், கழிவுத் தொட்டி எங்கே இருக்கிறது என்று கை காட்ட வேண்டும்.

அந்தக் கழிவுத் தொட்டியில்தான் ஹென்ரிக் பழக்கமானார். அபுதாபியில் இருபது வருஷம் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்ற ஜெர்மன்காரர். மனைவி பெயர் மார்கிட். இரண்டு வருஷத்துக்கு முந்தின ஒரு ஜனவரியில் ஆறு சக்கர வண்டியோடு வந்து இறங்கினார்கள். மறுநாள் காலை ஹென்ரிக் வண்டியின் பின்கதவைத் திறந்து, கக்கூஸின் அடியிலிருந்து கைப்பிடி வைத்த பெட்டி ஒன்றை உருவி, அதைச் சூட்கேஸ் போலத் தூக்கிக்கொண்டு தொட்டிக்கு நடந்தார். சோலைமுத்துவுக்கு உயிரே போய்விட்டது. இத்தனை விலை வண்டிக்காரர், எழுபது வயதுக்காரர், தன்னுடையதைத் தானே தூக்கிக்கொண்டு போகிறார். ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடித்தார்.

"சார், சார், நான் கொண்டுபோறேன் சார்."

"நோ, நோ."

"சார், குடுங்க சார்."

பெட்டி நிறைந்திருந்தது. இருவரும் இழுத்ததில் மூடி கொஞ்சம் அசைந்தது. இரண்டு பேருமே அப்படியே நின்றார்கள். அதற்குப் பிறகு மிக மரியாதையாக, ஆளுக்கொரு கையாய்ப் பிடித்துக்கொண்டு, மணமேடைக்குப் போகிறவர்கள் மாதிரி அடிமேல் அடி வைத்துத் தொட்டிவரை போனார்கள். அன்றிலிருந்து தினமும் காலை ஆறரைக்கு இருவரும் சேர்ந்துதான் அதைத் தூக்கினார்கள். நட்பு இதைவிடச் சாதாரணமான இடங்களில் ஆரம்பித்து இதைவிடச் சீக்கிரம் முடிந்துபோவதைப் பார்த்திருக்கிறோம்.

பிப்ரவரியில் ஹென்ரிக்குக்கு நெஞ்சில் ஏதோ சரியில்லை. ஜெர்மனிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவதாக முடிவாயிற்று. கிளம்பும்போது சாவியைச் சோலைமுத்துவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களைத் தானே மடக்கிவிட்டு, "டூ வீக்ஸ்" என்றார்.

சோலைமுத்து பத்தொன்பது வருஷம் வளைகுடாவில் இருந்திருக்கிறார். எந்த அறையின் சாவியும் அவர் கையில் இருந்ததில்லை. கேம்ப் அறைக்குச் சாவி செக்யூரிட்டியிடம், பெட்டிக்கு இருந்த சாவி பெட்டியோடு தொலைந்தது. ஆகவே, "ஓகே சார்" என்று அவர் சொன்னது மற்றவர்கள் சொல்கிற ஓகே மாதிரியானது இல்லை.

ஃபிரிட்ஜ் கதவில் ஹென்ரிக் ஒரு தாள் ஒட்டியிருந்தார். எழுத்தில்லை, எல்லாம் படம். திங்கட்கிழமை இஞ்சினை இருபது நிமிஷம் ஓடவிட வேண்டும். புதனும் சனியும் ஏசி. மாதம் ஒரு தடவை வண்டியைச் சக்கரம் கால் சுற்று உருளுகிற அளவு முன்னால் நகர்த்த வேண்டும், இல்லாவிட்டால் டயர் ஒரே பக்கம் உட்கார்ந்துவிடும். சோலைமுத்து ஒன்றையும் விடவில்லை. அவராகச் சேர்த்தது ஒன்றுதான்: ஒப்படைத்த அன்றே உள்ளே இருந்த சாமான்களை எண்ணிவைத்துக்கொண்டார். ஸ்பூன் பன்னிரண்டு, போர்வை நாலு, மார்கிட்டம்மாவின் கப்பல் படம் போட்ட தகர டப்பாவில் தேயிலைப் பை இருபத்துநாலு.

இரண்டு வாரம் இரண்டு மாதமாகி, ஓர் ஆபரேஷனாகி, இரண்டாவது ஆபரேஷனாகி, வருஷத்தைத் தாண்டியது. ஹென்ரிக் போனில் படம் அனுப்புவார்: ஆஸ்பத்திரிக் கட்டில், கட்டை விரல், விமானம், அடுத்த மாதத் தேதி. தேதி வரும், விமானம் வராது. சோலைமுத்துவுக்கு வரவேண்டிய ஊர் லீவும் வந்தது. திங்கட்கிழமை இஞ்சினை யார் ஓடவிடுவது? லீவைத் தள்ளிவைத்தார். மறுபடி வந்தது, மறுபடி தள்ளினார்.

"வண்டிக்குப் பாலு குடுக்கணுமோ?" என்று ஊரிலிருந்து ராக்கம்மா போனில் கேட்டார்.

"அந்த மனுசன் நம்பிக் குடுத்திருக்காரு, ராக்கு."

"எனக்குச் சக்களத்தி வந்தா ரெண்டு கை ரெண்டு காலோட வருவான்னு நெனச்சிருந்தேன். ஆறு சக்கரத்தோட வந்து நிக்கிறா. சரி, அவளுக்காச்சும் ஏசி போட்டு விடுங்க."

இந்த நிலையில் போன டிசம்பரில் கம்பெனித் தலைமை ஆபீஸிலிருந்து ஒரு காகிதம் வந்தது. மளிகைக் கடைக்காரர் படித்துச் சொன்னார். தொண்ணூறு நாளைக்கு மேல் ஆள் தங்காமல் நிற்கிற வண்டிகளை மாதக் கடைசியில் இழுத்துப் போய் யார்டில் போட்டுவிடுவார்கள். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் ஷ்யாம் என்கிற ஆபீஸர் வருவார், இரவு தங்குவார், ஞாயிறு காலை ரிப்போர்ட் எழுதுவார்.

அந்த யார்டைச் சோலைமுத்து பார்த்திருக்கிறார். வெட்ட வெயில். போட்ட ஒரே கோடையில் டயர் வெடித்து, ரப்பர் பொடியாகி, ஜன்னல் பிளாஸ்டிக் அப்பளமாகிவிடும். ஹென்ரிக் வந்து "வண்டி எங்கே?" என்று கேட்டால் என்ன படம் அனுப்புவது?

அவர் போன் போட்டது கனகரத்தினத்துக்கு. யாழ்ப்பாணத்துக்காரர், துபாய் தேராவில் ஒரு கார்கோ ஆபீஸில் டாக்குமென்ட் கிளார்க். ஊருக்குப் பெட்டி அனுப்பப் போன வகையில் பழக்கம். ஐம்பத்தெட்டு வயது. வெயில் நாற்பத்தெட்டுக்குப் போனாலும் டை கழற்றாதவர்.

"உது பெரிய விசயமில்லைத் தம்பி," என்றார் கனகரத்தினம். "ஆக்கள் தங்கேல்லை எண்டுதானே பிரச்சினை? ஆக்களைத் தங்க வைப்பம். உவர் ஹென்ரிக்குக்கு நான் ஒரு கடிதம் எழுதுறன்."

எழுதினார். பதினேழு வரி, மூன்று இடத்தில் 'தாழ்மையுடன்'. அரைமணி நேரத்தில் பதில் வந்தது: தாராளமாகத் தங்கட்டும், எங்கள் கட்டிலிலேயே படுக்கட்டும், வெளுத்த விரிப்பு மேல் பெட்டியில் இருக்கிறது என்று மார்கிட் சொல்லச் சொன்னாள்.

ஆக, விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். வண்டிக்காரர் அழைத்திருக்கிறார், விருந்தாளிகள் வரப்போகிறார்கள். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் விருந்தாளிகள் யார் என்று பார்க்க வேண்டும். சோலைமுத்துவின் பழைய அறைவாசிகள் இரண்டு பேர்: டைல்ஸ் மேஸ்திரி ஜெயசீலன், நாகர்கோவில் பக்கம். சாரம் கட்டுகிற அன்பரசன், அரியலூர். சனிக்கிழமை அரைநாள் டியூட்டி முடித்துக் குளித்து, கூட்டு டாக்ஸி பிடித்து, கனகரத்தினத்தையும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்கள். தாங்கள் உண்மையிலேயே விருந்தாளிகள் என்பது இருவருக்கும் கடைசிவரை நம்பிக்கையாகவில்லை. நடிக்க வந்திருக்கிறோம் என்றே நினைத்தார்கள்.

சோலைமுத்துவும் அப்படித்தான் நினைத்தார். ஆறு வருஷமாக டூரிஸ்ட்டுகளைக் கவனித்தவர், பாடம் எடுத்தார்.

"மொதல்ல அரைக்கால் சட்டை. முழுக்கால் சட்டைக்கு வசதி உள்ளவுகதான் அரைக்கால் சட்டை போடுவாக. அப்பறம் நாற்காலிய மலையப் பாத்துப் போட்டு உக்காரணும்."

"மலைல என்னா இருக்கு?" என்றார் அன்பரசன்.

"ஒண்ணுமில்ல. பாக்கணும்."

"எம்மா நேரம்?"

"இருட்டுற வரைக்கும்."

"ஓவர்டைம் உண்டா?"

"ஏல, சும்மா கேளு," என்று ஜெயசீலன் அடக்கினார். "பொறவு?"

"பொறவு மலைல ஏறிட்டு எறங்கி வரணும்."

"என்னாத்த எடுத்தார?"

"ஒண்ணும் எடுத்தாரக் கூடாது. வெறுங்கைய வீசிட்டுப் போயி வெறுங்கைய வீசிட்டு வரணும்."

அன்பரசன் மலையை ஒருமுறை பார்த்தார், சோலைமுத்துவை ஒருமுறை பார்த்தார். "இதுக்காண்டியா ப்ளேன் டிக்கெட் எடுத்து வரானுங்க?" என்றார்.

ஷ்யாம் மூன்று மணிக்கே வந்தார். இருபத்தேழு வயது, ஒல்லி, கையில் டேப்லெட். ஷார்ஜாவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. காரை விட்டு இறங்கியதிலிருந்து இங்கிலீஷ் தவிர வேறொன்றும் பேசவில்லை. கனகரத்தினம் டையைச் சரிசெய்துகொண்டு முன்னால் போய், தானும் தன் நண்பர்களும் திரு ஹென்ரிக்கின் விருந்தினர்கள் என்று அறிமுகம் செய்தார். ஷ்யாம் நண்பர்களைப் பார்த்தார். அரைக்கால் சட்டையில், முழங்காலுக்குக் கீழே வெயிலே காணாத காலும் மேலே கரிக்கட்டைக் கையுமாக இரண்டு பேர், நாற்காலி நுனியில், நேர்முகத் தேர்வுக்கு வந்தவர்கள் மாதிரி மலையைப் பார்த்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள்.

"மூஞ்சியப் பாரு," என்றார் அன்பரசன், மலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "வெயிலு படாத தேங்காச் சில்லு."

ஷ்யாம் கனகரத்தினத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"இடம் அழகாக இருக்கிறதாம்," என்று கனகரத்தினம் இங்கிலீஷில் மொழிபெயர்த்தார்.

"பேசாம இருல," என்றார் ஜெயசீலன். "வண்டி போச்சுன்னா இவனாலதான் போவும். கல்யாண வீட்ல மொய் எழுதுறவன் கணக்கா எல்லாத்தையும் எழுதுதான் பாரு."

"குளிர்காலம் நன்றாக இருக்கிறதாம்," என்றார் கனகரத்தினம்.

ஷ்யாம் "நைஸ்" என்று சொல்லி டேப்லெட்டில் எதையோ தட்டிக்கொண்டு போனார்.

அரைமணி நேரம் தாங்கினார்கள். ஜெயசீலன் உட்கார்ந்த இடத்துக்கு எதிரே, கறி சுடுகிற அடுப்பு மேடை இருந்தது. அதன் டைல்ஸில் ஒரு வரிசை கோணல். அவர் மலையைப் பார்த்தார், கண் மேடைக்கு வந்தது. மறுபடி மலையைப் பார்த்தார், மறுபடி வந்தது.

"எண்ணே, இத எவன் போட்டான்?"

"எவனோ போட்டான். நீ மலையப் பாரு."

"ஒரு விரக்கட எறங்கியிருக்கு. கண்ணு வலிக்கி."

"ஜெயசீலா, நீ டூரிஸ்ட்டு."

"டூரிஸ்ட்டுக்குக் கண்ணு இல்லியா?"

அவர் பையில் சிமெண்ட் பூசுகிற கரண்டி இருந்தது. ஏன் கொண்டுவந்தாய் என்று கேட்டதற்கு, பல் விளக்கும் பிரஷ்ஷை ஏன் கொண்டுவந்தாய் என்று கேட்ட மாதிரிப் பார்த்தார். பார்க் ஸ்டோரில் கெட்டியாகும் நிலைமையில் அரைமூட்டை சிமெண்ட் கிடந்தது. பொழுது சாய்வதற்குள் கோணல் வரிசையைப் பெயர்த்து நேராக்கிவிட்டார். கை கழுவப் போன இடத்தில் பொதுச் சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷமாகச் சொட்டுகிறது, சோலைமுத்து ஐந்து தடவை ஆபீஸுக்குச் சொல்லியும் விட்டார். ஜெயசீலன் டயர் கடையில் ஒரு துண்டு ட்யூப் வாங்கிவந்து, வட்டமாக வெட்டி உள்ளே போட்டு இறுக்கினார். சொட்டு நின்றது.

அன்பரசன் மலையேறப் போனார். டூரிஸ்ட்டுகளுக்கு ஒன்றரை மணி நேரம் எடுக்கிற ஏற்றம். அவர் போன சூட்டில் திரும்பி இறங்கி வந்தார், தோளில் ஒரு இரும்புக் கம்பமும் கையில் ஒரு தகரப் பலகையும்.

"வெறுங்கையோட வரச் சொன்னேனேப்பா," என்றார் சோலைமுத்து.

"சும்மா கீழ கெடந்துதுண்ணே. வெறுங்கையோட எப்டி எறங்கறது? காலு தடுமாறுது."

கனகரத்தினம் பலகையைப் படித்தார். 'அபாயம். இதற்கு மேல் ஏறக் கூடாது.' காற்றில் எப்போதோ சாய்ந்து விழுந்தது. அன்பரசன் அதைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறி, கல்லை முட்டுக் கொடுத்து, சாரக்கட்டு முடிச்சுப் போட்டு, புயலுக்கும் அசையாதபடி நட்டுவிட்டு வந்தார். இறங்கும்போது வெறுங்கை கூச்சமாக இருந்ததால் ஒரு கட்டு சுள்ளி.

ஷ்யாம் இரவு தங்கத் தனக்கு ஒதுக்கியிருந்த கேரவன் வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வப்போது டேப்லெட்டில் தட்டினார். ஒவ்வொரு தட்டலுக்கும் சோலைமுத்துவுக்குத் தோளில் சுரீரென்றது. அந்த வண்டிக்கு ஒன்றாகிவிட்டால் ஹென்ரிக் ஒன்றும் சொல்ல மாட்டார் என்பது அவருக்குத் தெரியும். சொல்ல மாட்டார் என்பதுதான் தாங்கவில்லை.

கதை கெட்டது விடிவதற்கு முன்னால். ஞாயிற்றுக்கிழமை, நாலரை மணி. ஷ்யாம் எதற்கோ எழுந்து வெளியே வந்தார். பார்க்கில் குளியலறை ஆறு, ஐந்து காலி. முதல் கதவுக்கு முன்னால் ஒருவர் பின் ஒருவராக ஜெயசீலனும் அன்பரசனும், தோளில் துண்டு, கையில் மக்கு, வாயில் பிரஷ், அரைத் தூக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே கனகரத்தினம். கேம்ப் வாழ்க்கையில் கால் தானாகவே கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நிற்கும். பக்கத்துக் கதவு திறந்திருக்கிறதா என்று பார்ப்பது அதற்குத் தெரியாது.

ஷ்யாம் ஐந்து காலிக் கதவுகளையும் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், திரும்பிப் போனார்.

"பாத்துட்டான்," என்றார் ஜெயசீலன், நுரையோடு.

"வரிசைலதானேயா நின்னோம். திருடவா செஞ்சோம்?" என்றார் அன்பரசன்.

விஷயம் தெரிந்ததும் சோலைமுத்து வாட்ச்மேன் அறைப் படியில் உட்கார்ந்துவிட்டார். அவரைத் தேற்றுவது எப்படி என்று தெரியாமல், ஆபீஸருக்கு ஒரு டீயாவது கொடுத்துச் சரிக்கட்டலாம் என்று அன்பரசன் தானாக முடிவெடுத்தார். வண்டிக்குள் போய், கப்பல் படம் போட்ட டப்பாவைத் திறந்து, நாலு பையை எடுத்து, நாலு கப்பில் போட்டார். தண்ணீர் மஞ்சளாயிற்று. சாயம் போதவில்லை என்று பால்பவுடரும் தலைக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரையும் போட்டு நன்றாக ஆற்றினார். பைக்குள் இருந்தது தேயிலை இல்லை, ஏதோ காய்ந்த வெள்ளைப் பூ என்பது ஆற்றிய பிறகுதான் மூக்குக்குத் தெரிந்தது.

ஷ்யாம் ஒரு வாய் குடித்தார். மற்ற மூவரும் குடித்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"காய்ச்சலுக்குக் குடுக்குற கஷாயத்துல எவனோ பாயசத்த ஊத்திட்டான்," என்றார் ஜெயசீலன்.

"காலை வணக்கம் சொல்கிறார்," என்றார் கனகரத்தினம்.

ஷ்யாம் கப்பைக் கீழே வைத்தார். டேப்லெட்டை மூடினார்.

"அண்ணா," என்றார் தமிழில், சொல் சொல்லாகத் தேடி எடுத்து. "எங்க வீட்ல அம்மா தமிழ்தான் பேசுவாங்க. நான் பேசுனா சிரிப்பாங்க, அதான் பேசறதில்ல. புரியும். நேத்துலேருந்து எல்லாம் புரிஞ்சுது."

மலையில் ஒரு ஆடு கத்துவது நன்றாகக் கேட்டது.

"தேங்காச் சில்லும் புரிஞ்சுது," என்றார் ஷ்யாம்.

அன்பரசன் மலையைப் பார்க்க ஆரம்பித்தார். இந்தத் தடவை டூரிஸ்ட் மாதிரியே இருந்தது.

சோலைமுத்து படியிலிருந்து எழுந்து வந்தார். ஒளிக்க ஒன்றுமில்லாததால் உள்ளதைச் சொன்னார். இரண்டு வாரம் என்றது, சாவி, திங்கட்கிழமை இஞ்சின், இரண்டு தடவை தள்ளிய லீவு. கனகரத்தினம் ஹென்ரிக்கின் பதிலைப் போனில் எடுத்து நீட்டினார். ஷ்யாம் அதை இரண்டு தடவை படித்தார்.

"அப்ப நீங்க நெஜமாவே கெஸ்ட்டுதானே? ஓனரே இன்வைட் பண்ணிருக்காரே. எதுக்கு நடிச்சீங்க?"

ஜெயசீலன் தன் அரைக்கால் சட்டையைக் குனிந்து பார்த்துவிட்டு, "எங்களப் பாத்தா நம்புவியளா சார்?" என்றார்.

ஷ்யாம் சமையலறைக் குழாயைக் கைகாட்டினார். "அந்தக் கிச்சன் டேப்," என்றார், குரலைத் தாழ்த்தி. "போன மூணு ரிப்போர்ட்லயும் ரிப்பேர் ஆயிடுச்சுன்னு நான்தான் எழுதிருக்கேன். அந்த போர்டும் அப்படித்தான். நட்டாச்சுன்னு போன வருஷமே எழுதிட்டேன். மேனேஜர் அடுத்த வாரம் வர்றாரு. நான் நேத்து வந்ததே என்ன செய்யறதுன்னு யோசிக்கத்தான்."

"ஓ," என்றார் கனகரத்தினம். ஒரு கிளார்க்குக்கு இன்னொரு கிளார்க்கின் கஷ்டம் புரிந்த ஓ.

"ஃபார்ம்ல இருபத்திரண்டு கேள்வி. வண்டில கெஸ்ட் இருக்காங்களா? இருக்காங்க. திருப்தியா இருக்காங்களா?" ஷ்யாம் நிமிர்ந்து பார்த்தார். "இருக்கீங்களா?"

"அந்த ஒரு வரிசைல இன்னும் ஒரு டைல்ஸ் மாத்தணும்," என்றார் ஜெயசீலன்.

"இருக்கோம் சார்," என்றார் சோலைமுத்து அவசரமாக.

"கெஸ்ட் என்ன வேல பார்த்தாங்கன்னு கேள்வி இல்ல," என்று ஷ்யாம் டிக் போட்டார். காரில் ஏறியவர் கண்ணாடியை இறக்கினார். "தொண்ணூறு நாளைக்குள்ள இன்னொரு தடவை வந்து தங்கிடுங்கண்ணா. அப்புறம், பாத்ரூம் ஆறு இருக்கு."

வண்டி தப்பித்தது. மாதக் கடைசியில் இழுவை லாரி வந்து, டயர் இல்லாத வேறு இரண்டை இழுத்துக்கொண்டு போனது. சோனாப்பூர் திரும்பிய அன்பரசன், மெஸ் வரிசையில் நின்றபடி, நடந்ததை நடந்தபடியே சொன்னார்: மலையில் ஒரு வீடு இருக்கிறது, வெள்ளைக்காரர் கட்டிலில் படுத்தேன், ஒருவரும் காசு கேட்கவில்லை. அதை அப்படியே நம்ப யாருக்கும் மனசு வராததால், ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்து நம்பக்கூடிய மாதிரி ஆக்கிக்கொண்டார்கள். தத்தெடுப்பு அப்படி வந்ததுதான்.

சோலைமுத்து அன்று மத்தியானமே டப்பாவைத் திறந்து எண்ணினார். இருபது. அதிலிருந்து அவருக்குத் தூக்கம் சரியில்லை. ஹென்ரிக்கும் மார்கிட்டும் நிச்சயம் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். கேட்டால் மொத்த டப்பாவையும் கொடுத்துவிடுவார்கள். அது வேறு. அவர் வாங்கியது இருபத்துநாலு.

கனகரத்தினம் தேராவின் மசாலாச் சந்தையில் அலைந்து அந்தப் பூவைக் கண்டுபிடித்தார். அங்கே அதைக் கிலோக் கணக்கில் சாக்கில் கொட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் பையும், பச்சை நூலும், நூல் நுனியில் சின்னக் கப்பலும் கிடைக்கவில்லை. சாதா டீப்பையைக் கிழித்து, பூவை அடைத்து, தானே தைத்து நாலு அனுப்பினார். நூல் சிவப்பு. சோலைமுத்து அவற்றை டப்பாவில் போடவில்லை, பக்கத்தில் வைத்திருக்கிறார்.

"நான் வாங்கிட்டு வரேண்ணா, மால்ல இருக்கும். நானும் ஒண்ணு குடிச்சேன்ல," என்று ஷ்யாம் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு இரண்டு தடவை வந்தார், இரண்டு தடவையும் மறந்தார். மூன்றாவது தடவை சோலைமுத்துவே வாய்விட்டுக் கேட்டதும், ஷ்யாம் டேப்லெட்டைத் திறந்து காட்டினார். தேயிலைப் பை நாலு என்று அவர் அதை ஒரு புகாராகவே பதிந்திருந்தார். பக்கத்தில் பச்சை டிக்: திருப்பி வைக்கப்பட்டது, முடிந்தது.

"இன்னும் வைக்கலையே சார்?"

"எழுதியாச்சுண்ணா. வந்துரும்."

ஹென்ரிக் நேற்றுக்கூட ஒரு விமானமும் ஒரு கட்டை விரலும் அனுப்பியிருக்கிறார். ராக்கம்மாவிடம் பூப்பை கதையைச் சொன்னதற்கு, "பூவுக்காகவா லீவத் தள்ளுறீக?" என்று கேட்டார். சோலைமுத்து அவசரப்படவில்லை. குழாய் சரியாகிவிட்டது என்று ஷ்யாம் எழுதியதற்கும் குழாய் சரியானதற்கும் நடுவே ஒன்றரை வருஷம் இருந்தது. பூவுக்கு இன்னும் நாலு மாதம்தான் ஆகிறது.